எழுதிக் கேட்கும் சந்தேகம்: என்பிடெல் பாடங்களின் கலந்துரையாடல் பலகைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் உள்ள பாடம் ஒவ்வொன்றும் நான்கு பகுதிகளைக் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது: காணொளி விரிவுரை, வாசிப்பதற்கான பாடக்குறிப்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், சந்தேகம் தீர்ப்பதற்கான கலந்துரையாடல் பலகை. முதல் மூன்றையும் மாணவர்கள் தாமாகத் தேடிப் போகிறார்கள். நான்காவதை எட்டிக்கூடப் பார்க்காமலேயே பாடத்தை முடித்துவிடுபவர்கள் ஏராளம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து ஸ்வயம் வழியாக நடத்தும் என்பிடெல் பாடங்களில், 100 மதிப்பெண்ணில் 25 வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கும் 75 நேரில் எழுதும் தேர்வுக்கும் போய்விடுகின்றன. 12 வாரப் பாடமானால் அவற்றுள் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரி கணக்கில் எடுக்கப்படும். பலகையில் எழுதுவதற்குத் தனியாக மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆனால் ஐந்தாவது வாரத்தில் ஒரு கணக்கு புரியாமல் போய், கூடப் படிக்கும் நண்பர் எவரும் அதே பாடத்தை எடுக்கவில்லை என்று தெரியவரும்போது, மாணவருக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பலகை மட்டும்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் பெற இடம் தருகிறது. ஆகவே இன்று இந்தப் பாடங்களில் சேர்பவர்களில் பலர் ஆர்வத்தால் மட்டும் வந்தவர்கள் அல்லர்; அந்த கிரெடிட் இல்லாவிட்டால் பட்டம் தள்ளிப்போகும் நிலையில் உள்ளவர்களும் அவர்களில் உண்டு. இவர்களில் முதன்முறையாகப் பலகையில் எழுதப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதலில் மாணவனாகவும், பிறகு கல்லூரியில் மாணவர்களை இப்பாடங்களில் சேர்த்துவிடுகிறவனாகவும் இந்தப் பலகைகளைப் பல பருவங்கள் பார்த்திருக்கிறேன். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பாதியையாவது நானே செய்திருக்கிறேன்.

முதல் வாரத்தில் செய்து முடிக்க வேண்டியவை

பாடத்தில் சேர்ந்தவுடன், அறிவிப்புகள் எங்கே வருகின்றன, கேள்விகள் எங்கே போகின்றன என்று இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு ஒருவழிப் பாதை. பாடக் குழுவினர் மட்டுமே அதில் எழுதுவார்கள். கலந்துரையாடல் குழுவில் எல்லோரும் எழுதலாம். என்பிடெல் பாடங்களின் கலந்துரையாடல் கூகுள் குழுமத்தின் வழியாக நடக்கும்போது, ஒருவர் எழுதுவது உறுப்பினர்கள் அனைவரின் மின்னஞ்சல் பெட்டிக்கும் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கும் பாடம் ஒன்றில் இதன் விளைவு என்னவென்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கடிதங்கள் குவிவதைக் கண்டு பயந்து குழுமத்திலிருந்தே விலகிவிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யத் தேவையில்லை. குழும அமைப்பில் ஒவ்வொரு கடிதமாகப் பெறுவது, பல கடிதங்களைத் தொகுத்து ஒன்றாகப் பெறுவது, நாளுக்கு ஒரு சுருக்கம் மட்டும் பெறுவது, எதையும் பெறாமல் தளத்தில் போய்ப் படித்துக்கொள்வது என நான்கு வழிகள் உள்ளன. தொகுப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஜிமெயிலில் அதற்கென்று ஒரு லேபிளும் போட்டுவைத்தால், பெட்டியும் நிரம்பாது, தேவைப்படும்போது தேடவும் எளிதாக இருக்கும்.

உங்கள் கணக்கில் என்ன பெயர் தெரிகிறது என்றும் ஒருமுறை பாருங்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர், பேராசிரியர் பார்க்கும் இடத்தில் தெரிவதை விரும்பமாட்டீர்கள். மறுபக்கத்தில், கைப்பேசி எண்ணை அங்கே எழுதி, "வாட்ஸ்அப் குழு தொடங்கலாம், எண்ணைப் போடுங்கள்" என்று அழைப்பு விடுப்பவர்களுக்கு இணங்க வேண்டாம். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு உங்கள் எண் போய்விடும் என்பது ஒன்று. அத்தகைய குழுக்கள் இரண்டே வாரத்தில் அசைன்மென்ட் விடைகளைப் பரிமாறும் இடமாக மாறிவிடும் என்பது இன்னொன்று.

கட்டணம் கட்டியது பதிவாகவில்லை, தேர்வு மையத்தை மாற்ற வேண்டும், ஹால் டிக்கெட் வரவில்லை போன்றவை பாடத்தைப் பற்றிய கேள்விகள் அல்ல. பாடம் நடத்தும் பேராசிரியரால் இவற்றைத் தீர்க்க முடியாது. இவற்றுக்கான உதவி மின்னஞ்சல் முகவரி தளத்திலேயே இருக்கும். உங்கள் கல்லூரியில் லோக்கல் சாப்டர் எனப்படும் என்பிடெல் கிளை இருந்தால் அதன் பொறுப்பாசிரியரிடம் நேரில் போய்க் கேட்பது அதைவிட விரைவாக முடியும்.

கேட்பதற்கு முன் பத்து நிமிடம்

உங்களுக்கு வந்த சந்தேகம் வேறு யாருக்கோ ஏற்கெனவே வந்திருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். எனவே முதலில் வாரத்தின் எண், விரிவுரையின் எண், கேள்வியில் உள்ள ஒரு தனித்துவமான சொல் ஆகியவற்றைக் கொண்டு தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதிய நிரலில், அதாவது ப்ரோகிராமில், பிழை வந்திருந்தால், பைத்தான் மொழி காட்டும் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் எடுத்துத் தேடுவது பலன் தரும். மேலே உள்ள வரிகள் பிழை எந்த வழியாக வந்தது என்பதையே சொல்கின்றன, பிழை என்ன என்பது கடைசி வரியில்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் பி.எஸ். பட்டப் படிப்பில் பயன்படும் டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் பலகை மென்பொருள், நீங்கள் தலைப்பை எழுதத் தொடங்கும்போதே அதனோடு ஒத்த பழைய கேள்விகளைப் பக்கத்தில் காட்டும். அதைக் கவனிக்காமல் "அனுப்பு" பொத்தானை அழுத்துவது, கதவு திறந்திருக்கும்போது சுவரில் முட்டுவதற்குச் சமம்.

பழைய இழை (ஒரு கேள்வியும் அதன் கீழ் வந்த பதில்களும்) ஒன்று கிடைத்து, அதில் உங்கள் சந்தேகத்துக்குப் பாதிப் பதில் மட்டும் இருந்தால், புதிய இழை தொடங்காமல் அங்கேயே எழுதுங்கள். ஆனால் "எனக்கும் இதே டவுட்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். மின்னஞ்சல் வழிப் பலகையில் அந்த மூன்று சொற்கள் அத்தனை பேரின் பெட்டியையும் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

கேள்வியை எழுதுதல்

பலகையில் பதில் வராமல் கிடக்கும் கேள்விகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை கடினமான கேள்விகளாக இருப்பதில்லை. பதில் சொல்ல முடியாத வகையில் எழுதப்பட்டவையாகவே இருக்கின்றன. அடிக்கடி காணப்படும் மாதிரி ஒன்று இது: "ரெஸ்பெக்டட் சார், 3ஆம் வாரப் ப்ரோகிராம் வரவில்லை. ப்ளீஸ் ஹெல்ப். அர்ஜென்ட்." எழுதியவரின் தவிப்பு இதில் தெரிகிறது. ஆனால் எந்த ப்ரோகிராம், என்ன செய்து பார்த்தார், வரவில்லை என்றால் ஓடவில்லையா, ஓடித் தவறான விடை தருகிறதா என்று எதுவும் தெரியவில்லை. பதில் சொல்ல நினைப்பவர் முதலில் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் அடுத்த இழைக்குப் போய்விடுவார்.

அதே சந்தேகத்தை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம். தலைப்பு: "வாரம் 3, விரிவுரைப் பயிற்சி 2: 10 கொடுத்தால் 30க்குப் பதில் 20 வருகிறது." உடல் பகுதி: "1 முதல் கொடுக்கப்பட்ட எண் வரையுள்ள இரட்டை எண்களைக் கூட்ட வேண்டும். 7 கொடுத்தால் என் நிரல் சரியாக 12 தருகிறது. 10 கொடுத்தால் 20 தருகிறது, வரவேண்டியது 30. ஃபார் சுழற்சியில் ரேஞ்ச் கட்டளைக்குத் தொடக்கமாக 1ஐயும் முடிவாகக் கொடுக்கப்பட்ட எண்ணையும் தந்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை அச்சிட்டுப் பார்த்தேன், 9ஓடு நின்றுவிடுகிறது. 10 ஏன் வரவில்லை?"

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: பைத்தானின் ரேஞ்ச் கட்டளை முடிவு எண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை, எனவே முடிவில் ஒன்றைக் கூட்ட வேண்டும். கேள்வியை இந்த அளவுக்கு எழுதி முடிப்பவர்களில் பலர், "9ஓடு நின்றுவிடுகிறது" என்ற வரியை எழுதும்போதே விடையைத் தாமே கண்டுபிடித்துவிட்டு, கேள்வியை அனுப்பாமல் அழித்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒற்றை எண்ணுக்குச் சரியாகவும் இரட்டை எண்ணுக்குத் தவறாகவும் வருகிறது என்பதை இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதும்போதுதான் கண் பார்க்கிறது. மனத்துக்குள் "வரவில்லை, வரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை பார்ப்பதில்லை. ஆகவே எழுதிக் கேட்பதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே எண்ணி, அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவதை நேர விரயமாக நான் கருதவில்லை.

தலைப்பில் வாரமும் கேள்வி எண்ணும் சிக்கலும் இருக்க வேண்டும். "டவுட்" என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்த 40 இழைகள் வரிசையாக நிற்கும் பலகையில், உங்களுடையதைத் திறந்து பார்க்க எவருக்கும் காரணம் இருக்காது. விரிவுரையில் ஓரிடம் புரியவில்லை என்றால், எந்த விரிவுரை, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறிப்பிடுங்கள். பேராசிரியர் தாம் பேசியதைத் தாமே முழுவதும் கேட்டுத் தேட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி போதும். ஐந்து கேள்விகளை ஒரே கடிதத்தில் அடுக்கினால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், மற்ற நான்கும் தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்டு மறக்கப்படும்.

நிரலை எழுத்தாகவே ஒட்டுங்கள். கணினித் திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்திலிருந்து நிரலை எடுத்து ஓட்டிப் பார்க்க யாராலும் முடியாது, பின்னால் தேடுபவர்களுக்கும் அது அகப்படாது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியே பொருளைத் தீர்மானிப்பதால், ஒட்டும்போது அந்த இடைவெளிகள் மறையாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். டிஸ்கோர்ஸில் நிரலுக்கு மேலும் கீழும் மூன்று தலைகீழ் மேற்கோள் குறிகளை (```) இட்டால் இடைவெளி அப்படியே நிற்கும். மின்சுற்று வரைபடம், கையால் போட்ட நீண்ட வருவிப்பு போன்றவற்றுக்குப் படம்தான் ஏற்றது. நல்ல வெளிச்சத்தில், நேராக எடுத்தால் போதும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் கேட்காமல் இருப்பதற்குச் சொல்லும் முதல் காரணம் ஆங்கிலம்தான். அசாமிலிருந்தும் குஜராத்திலிருந்தும் படிப்பவர்கள் இருக்கும் பலகையில் ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே யாரும் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. மேலே காட்டிய கேள்வியில் பாரத்தைச் சுமப்பவை 7, 12, 10, 20, 30 என்ற எண்களே. இப்படிக் குறுகிய வாக்கியங்களும் எண்களும் இருந்தால் இலக்கணப் பிழை இருந்தாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிடும். நாம் சர்வசாதாரணமாக எழுதும் "டவுட்" என்ற சொல், வெளிநாட்டுப் பாடங்களில் எழுதும்போது, நீங்கள் பேராசிரியர் சொன்னதை நம்பவில்லை என்ற பொருளைத் தந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே "கொஸ்டின்" என்று எழுதுவது நல்லது. நம் பலகைகளில் அதனால் தொல்லை இல்லை.

கடைசி நாளும் விடைக் கசிவும்

வாராந்தர அசைன்மென்ட்டுக்கான கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59 ஆக இருக்கும். அந்த இரவு 9 மணிக்குமேல் பலகையைத் திறந்தால் ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டர்தான் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் எழுதப்படும் கேள்விக்கு நேரத்துக்குள் பதில் கிடைப்பது அரிது. டி.ஏ. எனப்படும் பாட உதவியாளர்கள் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள்; அவர்களுக்கும் ஆய்வகமும் உறக்கமும் உண்டு. பாடம் வெளியான இரண்டு மூன்று நாள்களுக்குள் விரிவுரையைப் பார்த்துவிட்டுக் கேட்டால், வார இறுதியையும் சேர்த்துப் பதிலுக்குப் போதுமான இடைவெளி கிடைக்கும்.

கடைசி நேரம் முடிவதற்கு முன் அசைன்மென்ட்டின் விடையையோ, சரியாக ஓடும் முழு நிரலையோ பலகையில் போடக் கூடாது. "4ஆம் கேள்விக்கு விடை சி தானே?" என்று கேட்பதும் விடையைப் போடுவதுதான், கேள்விக்குறி அதை மாற்றிவிடாது. அப்படியானால் அசைன்மென்ட்டில் சிக்கிக்கொண்டவர் எப்படிக் கேட்பது? எண்களை மாற்றி, அதே கருத்தைக் கொண்ட சிறிய கணக்கு ஒன்றை நீங்களே அமைத்து அதைக் கேளுங்கள். அல்லது விரிவுரையில் அந்தக் கருத்து வரும் இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நிரல் என்றால், சிக்கல் உள்ள மூன்று வரியை மட்டும் தனியே எடுத்து, அது தனியாக ஓடும்படி செய்து காட்டுங்கள். அசைன்மென்ட் கேள்வியிலேயே பிழை இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அதைத் தயங்காமல் எழுதலாம். அப்போதும் "கேள்வி தவறு" என்று முடித்துவிடாமல், எந்த வரி எந்த வரியோடு முரண்படுகிறது என்று காட்டுங்கள். பிழை உறுதியானால் பாடக் குழு எல்லோருக்கும் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுப்பது உண்டு.

மற்றவர்களுக்குப் பதில் எழுதுதல்

நன்றாகத் தெரிந்தவர்கள்தான் பதில் எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரு வாரத்துக்கு முன் அதே இடத்தில் தடுக்கி விழுந்தவருக்குத்தான் அந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். பதிலைக் கொடுப்பதைவிட, கேட்டவர் அடுத்த அடியை எடுத்துவைக்கும்படி ஒன்றைச் சொல்லுங்கள்: "உள்ளீடாக 1ஐக் கொடுத்துப் பாருங்கள், என்ன வருகிறது?" என்பது நல்ல பதில். இதனால் விடை கசிந்துவிடும் என்ற கவலையும் நீங்குகிறது.

தவறாகப் பதில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு என் கதையையே சொல்கிறேன். புள்ளியியல் பாடம் ஒன்றில், 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களின் திட்ட விலக்கம் ஏன் தனக்கு 2 என வரவில்லை என்று ஒருவர் பயிற்சிக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தார். சராசரி 5, விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 32, அதை 8ஆல் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2 என்று அடுக்கடுக்காக எழுதி, நீங்கள் கணக்கில் எங்கோ தவறிவிட்டீர்கள் என்றும் சேர்த்துவிட்டேன். ஆறு பேர் நன்றி சொன்னார்கள். மறுநாள் இன்னொரு மாணவி, அது முழுத் தொகுதி அல்ல, அதிலிருந்து எடுத்த மாதிரி என்று கணக்கின் முதல் வரியிலேயே இருப்பதைச் சுட்டி, மாதிரிக்கு 7ஆல் வகுக்க வேண்டும், விடை ஏறத்தாழ 2.14, கேட்டவர் போட்டது சரியே என்று மூன்று வரியில் முடித்துவிட்டார். முதலில் என் பதிவை அழித்துவிடத்தான் கை போனது. ஆனால் மின்னஞ்சலாகப் போய்விட்டதை எங்கிருந்து அழிப்பது? அதே இழையில், "என் மேற்கண்ட பதில் தவறு, மாதிரி என்ற சொல்லைக் கவனிக்கவில்லை, 7ஆல் வகுப்பதே சரி" என்று எழுதினேன். அந்த இழையில் பின்னால் வந்தவர்கள் அதிகம் பயன்படுத்திக்கொண்டது அந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான். அந்த மாணவி எழுதிய முறையையும் கவனியுங்கள்: என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கணக்கின் வரியை மட்டுமே சுட்டினார்.

அனுப்பியதைத் திருத்தும் வசதி தளத்துக்குத் தளம் மாறும். பல கல்லூரிகள் தங்கள் பாடங்களை இணையத்தில் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் தளத்தில், வழக்கமான அமைப்பின்படி பதிவைத் திருத்த 30 நிமிடம் தரப்படுகிறது. அதற்குப் பிறகே அது மற்றவர்களுக்கு மின்னஞ்சலாகப் போகும். கூகுள் குழுமத்தில் அந்தச் சலுகை இல்லை. எனவே அங்கே அனுப்புவதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது.

மதிப்பெண் உள்ள கலந்துரையாடல்

சில கல்லூரிகள் தங்கள் மூடுல் தளத்தில் கலந்துரையாடலுக்கே உள்மதிப்பீட்டு மதிப்பெண் தருகின்றன. முதல் பதிவு ஒன்றும், பிறர் பதிவுகளுக்கு இரண்டு மறுமொழிகளும் எழுத வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. இதில் நீங்கள் எழுதும்வரை மற்றவர்கள் எழுதியதைக் காட்டாத ஒரு பலகை வகையும் மூடுலில் உண்டு. பிறர் பதிவுகள் தெரியவில்லையே என்று புகார் எழுதும் முன், உங்கள் முதல் பதிவைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

இங்கே பலர் மதிப்பெண்ணை இழப்பது மறுமொழியில்தான். சுற்றுச்சூழல் பாடத்தில் மழைநீர் சேகரிப்பு தலைப்பாக இருந்து, தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டதைக் குறிப்பிட்டு ஒருவர் பாராட்டி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். "மிக அருமையான கருத்து, முழுமையாக உடன்படுகிறேன்" என்பதில் மதிப்பிட எதுவும் இல்லை. "சட்டத்தால் தொட்டிகள் கட்டப்பட்டன என்பதை ஏற்கிறேன், ஆனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தக் குழி வண்டல் மண்டிப் பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படவில்லை, மழைநீர் நேரே தெருவுக்குப் போகிறது, பராமரிப்பை யார் கண்காணிக்க வேண்டும் என்று கருதுகிறீர்கள்?" என்று எழுதினால், ஏற்பு, கண்ணால் கண்ட சான்று, அடுத்தவர் தொடர்வதற்கான கேள்வி ஆகிய மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஒட்டப்படும் பதிவுகளில் இல்லாமல் போவது இந்த வண்டல் மண்டிய குழிதான். திருத்தும் ஆசிரியர் முதலில் கண்டுகொள்வதும் அதையே.

பதில் வந்த பிறகும், வராதபோதும்

பதில் கிடைத்து சிக்கல் தீர்ந்ததும் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகிறார்கள், அல்லது "கிடைத்துவிட்டது, நன்றி" என்று எழுதுகிறார்கள். அடுத்த பருவத்தில் அதே பிழையோடு தேடி வருபவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் வரி இருக்க முடியாது. எது தீர்வாக அமைந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்: "ரேஞ்ச் கட்டளையின் முடிவில் ஒன்றைக் கூட்டியதும் 30 வந்தது." டிஸ்கோர்ஸில் சரியான பதிலைத் தீர்வு என்று குறிக்கும் பொத்தான் இயக்கப்பட்டிருந்தால் அதையும் அழுத்துங்கள்.

இரண்டு நாள் கழிந்தும் பதில் வராவிட்டால், அதே கேள்வியைப் புதிய இழையாக மீண்டும் போடாதீர்கள். பேராசிரியரின் தனி மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து எழுதவும் வேண்டாம். உங்கள் பழைய இழையிலேயே, இந்த இரண்டு நாளில் மேற்கொண்டு என்ன முயன்றீர்கள், எது மாறியது என்று ஒரு மறுமொழி எழுதினால் இழை மறுபடி மேலே வரும். பல பாடங்களில் வாரந்தோறும் பிரதமரின் ஆய்வு உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் இணையத்தில் நேரலையாகக் கணக்குகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதற்கான நேரமும் இணைப்பும் பாடத்தின் அறிவிப்பில் வரும். அங்கே போகும்போது உங்கள் இழையின் இணைப்பைக் கையில் வைத்திருங்கள். கேள்வி ஏற்கெனவே முழுமையாக எழுதப்பட்டிருப்பதால், ஒலிவாங்கியைத் திறந்து முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்காமல் அந்த இணைப்பை உரையாடல் பெட்டியில் ஒட்டினால் போதும்.